வங்கியும் இணையமும் விமானமும் ஒரே நாளில் நின்றால்: நிலையற்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு

2021 பிப்ரவரி 1 அதிகாலையில் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது முதலில் போனது தொலைபேசியும் இணையமும்தான். இணையம் இல்லாததால் வங்கிகள் சேவையை நிறுத்தின. ஏடிஎம் வாசல்களில் வரிசை நீண்டது. யாங்கூன் விமான நிலையம் மூடப்பட்டது. எல்லாம் ஒரே காலைப்பொழுதில். 2022 ஜனவரியில் கஜகஸ்தானிலும் இதே கதை: நாடு முழுக்க இணையம் அறுந்தது, கடைகளில் அட்டை இயந்திரங்கள் செத்துப்போயின, அல்மாட்டி விமான நிலையத்துக்குள் கூட்டம் புகுந்தது.

நிலையற்ற நாடு என்றதும் பலருக்கும் துப்பாக்கிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வெளியிலிருந்து போனவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது வேறு இடத்தில். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று நம்பி வைத்திருந்த எல்லாமே சேர்ந்து போய்விடுகிற அந்த நாளில். அதனால் மூட்டை கட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து ஐந்து சொற்களை எழுதுங்கள்: காகிதம், பணம், தொடர்பு, மருந்து, வழி. வெளியிலிருந்து எந்த உதவியும் வராமல் 7 நாள் தாக்குப்பிடிக்க ஒவ்வொன்றிலும் கையில் என்ன இருக்கிறது என்று எதிரே எழுதுங்கள். எந்த வரி காலியாக இருக்கிறதோ அதைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.

போகலாமா, எப்போது போகலாம்?

ஒரு நாடு முழுவதும் ஒரே அளவில் கொதிப்பது அரிது. தலைநகரில் கடைகள் திறந்திருக்கும்; 200 கி.மீ. தள்ளி எல்லை மாவட்டத்தில் ஆள் கடத்தல் நடக்கும். ஆகவே நாட்டின் பெயரை வைத்து முடிவெடுக்காமல் மாவட்டம் மாவட்டமாகப் பாருங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகியவற்றின் வெளியுறவுத் துறைகள் வெளியிடும் பயண எச்சரிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிரிட்டனுடையதில் பகுதிவாரி வரைபடம் இருக்கும். மூன்றும் ஒரே பகுதியைச் சுட்டினால் அங்கே போகாதீர்கள். இதில் பேரம் வேண்டாம்.

அடுத்து நாட்காட்டி. தேர்தல் நாளை எல்லாரும் கவனிப்பார்கள். முடிவு அறிவிக்கும் நாளை மறந்துவிடுவார்கள். கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று வாக்குப்பதிவு நடந்தது. 30 அன்று முடிவு அறிவிக்கப்பட்ட பிறகுதான் நாடு பற்றியெரிந்தது. வாக்குப்பதிவு, முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு, பதவியேற்பு ஆகிய நான்கு தேதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பயணத்தை வைக்காதீர்கள். எரிபொருள் மானியம் நீக்கப்படும் தேதி, முக்கியமான கைதிக்குத் தண்டனை அறிவிக்கும் தேதி, முந்தைய கலவரம் ஒன்றின் நினைவு நாள் எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

காப்பீடு எடுக்கும்போது விளம்பரத் தாளை விட்டுவிட்டு விலக்குகள் பட்டியலைப் படியுங்கள். போர், கலவரம், ஆட்சிக் கவிழ்ப்பு ஆகியவற்றால் ஏற்படும் காயத்தைப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் விலக்கிவிடும். போகாதே என்று அரசு எச்சரித்த பகுதிக்குப் போனால் சாதாரண வயிற்றுவலிக்குக்கூடப் பணம் வராமல் போகலாம். நோயாளியை வேறு நாட்டுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு வேறு. கலவரத்திலிருந்து ஆளை வெளியே எடுக்கும் செலவு வேறு. இரண்டும் ஒரே பாலிசியில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். போகும் ஊர்ப் பெயரைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள், அச்செடுத்து எடுத்துப் போங்கள்.

காகிதம்

பாஸ்போர்ட் நீங்கள் திரும்பும் தேதிக்குப் பிறகும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். காலிப் பக்கம் குறைந்தது நான்கு இருக்கட்டும். திட்டத்தில் இல்லாத ஒரு எல்லையைக் கடக்க வேண்டி வந்தால் முத்திரை குத்த இடம் வேண்டுமே.

பக்கத்து நாட்டு விசாவை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். போன இடத்தில் இருந்துகொண்டு வேறொரு தூதரகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது மிகப் பெரிய தவறு. சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று சண்டை வெடித்தபோது விசாவுக்காகப் பாஸ்போர்ட் கொடுத்திருந்த சூடானியர் பலர் அப்படித்தான் மாட்டினார்கள். தூதரக ஊழியர்கள் வெளியேறினார்கள், பாஸ்போர்ட்டுகள் பூட்டிய கட்டடத்துக்குள் கிடந்தன, சில அழிக்கப்பட்டன. உள்ளே நுழையும் விசாவையும் பலமுறை நுழையக்கூடியதாகக் கேளுங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு எல்லை தாண்டினால், நிலைமை இரண்டே நாளில் தணிந்தாலும் விட்டுவந்த சாமானை எடுக்கக்கூடத் திரும்ப முடியாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று போட்ட நாளிலிருந்து 10 நாள் கழித்தே செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும். காலாவதி என்று சொல்லிப் பணம் கேட்கும் அதிகாரி இருப்பார். இந்த விதியைத் தெரிந்து வைத்திருந்தாலே பேச்சு முடிந்துவிடும். போலியோ பரவும் நாடுகளில் 4 வாரத்துக்கு மேல் தங்கியவர்களிடம் வெளியேறும்போது போலியோ தடுப்பூசிச் சான்று கேட்கலாம். அது வெளியேறும் நாளுக்குக் குறைந்தது 4 வாரத்துக்கு முன், 12 மாதத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட், விசா, நுழைவு முத்திரைப் பக்கம், காப்பீடு, மருந்துச் சீட்டு ஆகியவற்றை மூன்று படிகள் எடுங்கள். ஒன்று பையில், ஒன்று அறையில், ஒன்று வீட்டில். போனில் வைக்கும் படத்தைப் போனின் நினைவகத்திலேயே வையுங்கள். இணையத்தில் மட்டும் சேமித்து வைத்தால், தேவைப்படும் நாளில் அது திறக்காது. கூடவே எட்டுப் பாஸ்போர்ட் அளவுப் படங்கள்.

போய் இறங்கியதும் உங்கள் நாட்டுத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். தூதரகமே இல்லாத நாடானால் எந்த நாட்டில் இருக்கும் தூதரகம் அதைக் கவனிக்கிறது என்று முன்பே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு நாடு உதவுவதும் உண்டு. 2015-இல் ஏமனிலிருந்து தன் மக்கள் 4,600-க்கும் மேற்பட்டோரை இந்தியா மீட்டபோது 41 நாடுகளைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்டவர்களும் சேர்ந்து வெளியேறினார்கள். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பவரைத்தான் முதலில் தேடுவார்கள்.

பணம்

எவ்வளவு ரொக்கம் வேண்டும்? 7 நாள் செலவு, எல்லை வரை ஒரு வாடகை வண்டி, அங்கிருந்து ஒரு விமானச் சீட்டு. மூன்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகையை எதற்கும் தொடாதீர்கள். அன்றாடச் செலவு வேறு கணக்கு.

பெரும்பாலான இடங்களில் அமெரிக்க டாலர் போதும், ஆனால் எந்த டாலர் என்பது முக்கியம். 100 டாலர் தாள் 2013 அக்டோபரில் வெளிவந்த, நடுவே நீலப் பட்டை உள்ள வடிவமாக இருக்கட்டும். பழைய வடிவத்தைப் பல ஊர்களில் வாங்க மாட்டார்கள், அல்லது மதிப்பைக் குறைப்பார்கள். கிழிசல், மடிப்பில் வெளுப்பு, பேனாக் கிறுக்கல், வங்கி முத்திரை எதுவும் கூடாது. ஊரில் வாங்கும்போதே ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சில்லறைத் தாள்களுக்கு மாற்று விகிதம் பெரும்பாலும் குறைவுதான். இருந்தாலும் 1, 5, 10, 20 டாலர் தாள்கள் ஒரு கட்டு வேண்டும். 15 டாலர் வண்டிக்கு 100-ஐ நீட்டினால் மீதி வராது. அதோடு உங்களிடம் 100 டாலர் தாள் இருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். சட்டைப் பையில் ஒரு பழைய பர்ஸ், அதில் அன்றைய செலவும் காலாவதியான ஒரு அட்டையும். வழிப்பறிக்காரன் கேட்டால் அதைக் கொடுத்துவிடுங்கள். வாதாடவோ முகத்தை உற்றுப் பார்க்கவோ வேண்டாம். இரண்டாவது பங்கு உடலோடு ஒட்டி, உடைக்குள். மூன்றாவது, அவசரப் பையின் அடித்துணிக்குள் தைத்து.

வங்கி விகிதத்துக்கும் சந்தை விகிதத்துக்கும் பெரிய இடைவெளி உள்ள நாடுகளில் அட்டையைத் தேய்த்தால் வங்கி விகிதத்தில் கழியும். அதே சாப்பாட்டுக்கு இரண்டு மடங்கு கொடுப்பீர்கள். தெருவில் மாற்றுவது அங்கே குற்றமா என்று முதலில் விசாரியுங்கள். பல இடங்களில் ஓட்டலோ நகைக்கடையோ வெளிப்படையாகவே மாற்றித் தரும். சில இடங்களில் சிறை. எங்கே மாற்றினாலும் அவர்கள் தரும் பணத்தை வாங்கி, நீங்களே எண்ணி, பைக்குள் வைத்த பிறகுதான் டாலரைக் கொடுக்க வேண்டும். எண்ணி முடித்ததும் ‘ஒரு தாள் குறைகிறது போல, கொடுங்கள் பார்க்கிறேன்’ என்று கட்டை மறுபடி வாங்குவார்கள். அந்த இரண்டாவது எண்ணிக்கையில்தான் தாள்கள் உள்ளங்கைக்குள் போகும். திருப்பிக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து நீங்களே எண்ணுங்கள்.

விமான நிலையத்தில் எழுதிக் கொடுத்த ரொக்க அறிவிப்புச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வெளியேறும்போது உங்கள் பணம் உங்களுடையதுதான் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

தொடர்பு

இணையம் முடங்கினாலும் ஜிபிஎஸ் முடங்காது. போன் செயற்கைக்கோள் சைகையை வாங்க மட்டுமே செய்கிறது; அதற்கு சிம் தேவையில்லை. குறை வரைபடத்தில்தான். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஒரு செயலியில் அந்த நாடு, சுற்றியுள்ள நாடுகள் எல்லாவற்றின் வரைபடத்தையும் முழுதாக இறக்கி, போனை விமானப் பயன்முறையில் போட்டு, வழி காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். தங்குமிடம், தூதரகம், இரண்டு மருத்துவமனைகள், இரண்டு எல்லைச் சாவடிகள் ஆகியவற்றைக் குறியிட்டு வையுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியிலும் அந்த மொழியை இறக்கிக்கொள்ளுங்கள். இவற்றோடு ஒரு காகித வரைபடமும் இருக்கட்டும்.

இணையத்தை நிறுத்தும் அரசுகள் சாதாரண அழைப்பையும் எஸ்எம்எஸ்ஸையும் பல நேரம் விட்டுவைக்கும். அதனால் முக்கியமான எண்களை முழு நாட்டுக் குறியீட்டோடு ஒரு அட்டையில் எழுதுங்கள். போன் பறிபோனால் வீட்டாரின் எண்கூட மனப்பாடமாக இருக்காது. உள்ளூர் சிம்கள் இரண்டு, வேறுவேறு நிறுவனங்களுடையவை, முதல் நாளே வாங்குங்கள். அழைப்புப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வையுங்கள். *#06# அழுத்தினால் வரும் போன் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் போதும். விமானத்தில் 100 வாட்-மணி வரை கைப்பையில் எடுத்துப் போகலாம். 20,000 எம்ஏஎச் என்பது ஏறத்தாழ 74 வாட்-மணி. சரக்குப் பெட்டியில் போட்டால் பறிமுதல். கையடக்க வானொலி ஒன்றும் வேண்டும், சிற்றலையும் பிடிப்பதாக. 2023-இல் சூடானில் போர் தொடங்கியபின் பிபிசி அந்த மக்களுக்காகவே சிற்றலையில் அவசர அரபு ஒலிபரப்பைத் தொடங்கியது. செயற்கைக்கோள் போன் ஆசை வேண்டாம். அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் உளவாளி என்று பிடிக்கும் நாடுகள் பல. டிரோனுக்கும் அப்படியே. ராணுவப் பச்சைப் புள்ளி உடை இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: பார்படோஸ், ஜிம்பாப்வே, சாம்பியா ஆகியவற்றில் பொதுமக்கள் அதை அணிவதே குற்றம்.

வீட்டில் ஒருவரோடு நேர ஒப்பந்தம் செய்யுங்கள். தினமும் காலை 8, இரவு 8, ஒரு வரிச் செய்தி. ஒன்று தவறினால் அவர் அழைப்பார். இரண்டாவதும் தவறினால் தங்குமிடத்துக்கு அழைப்பார். 24 மணி நேரம் ஆனால் தூதரகத்துக்குச் சொல்வார். இப்படிப் படிப்படியாக எழுதி வைக்காவிட்டால் வீட்டில் ஒன்று முதல் மணியிலேயே பதறுவார்கள், அல்லது மூன்று நாள் சும்மா இருப்பார்கள். மிரட்டலின் கீழ் பேசுகிறீர்கள் என்பதை உணர்த்த ஒரு சாதாரணச் சொல்லையும், பேசுவது நீங்கள்தான் என்று உறுதிசெய்ய வேறு யாருக்கும் பதில் தெரியாத ஒரு கேள்வியையும் பேசி வையுங்கள்.

மருந்தும் தண்ணீரும்

தினசரி மருந்து இருந்தால் பயண நாட்களைப் போல இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள், பாதியைக் கைப்பையில். மூல அட்டையிலேயே இருக்கட்டும். மருத்துவர் கடிதத்தில் மருந்தின் வேதிப்பெயர் இருக்கட்டும். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் பல நாடுகளில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கின்றன. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் பத்தில் ஒரு மருந்து தரமற்றது அல்லது போலி என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கணித்தது.

தண்ணீரைக் கொதிக்கவைப்பதே உறுதியான வழி. நன்றாகக் குமிழி விட்டு 1 நிமிடம். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஊர்களில் 3 நிமிடம். அடுப்பு இல்லையென்றால் குளோரின் மாத்திரை, அட்டையில் சொன்ன அளவு, 30 நிமிடக் காத்திருப்பு. கலங்கிய நீரைத் துணியில் வடிகட்டிய பிறகே மாத்திரை போடுங்கள். சேறு குளோரினைத் தின்றுவிடும். பயணிகள் வாங்கும் 0.1 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. குளோரின் வைரஸைக் கொல்லும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் கொல்லாது. கொதிக்கவைக்க வழியில்லாதபோது இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது இதனால்தான்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம், குறைந்தது பத்து இருக்கட்டும். தீர்ந்தால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். ரத்தம் போனாலோ காய்ச்சல் சேர்ந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

நாய், குரங்கு, வௌவால் கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். 15 நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. அதன்பின் அன்றே தடுப்பூசி. முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போடாதவருக்குக் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து ஊசியும் தேவைப்படும். நிலையற்ற நாட்டில் அதுதான் கிடைக்காத பொருள். கிராமப்புறம் போகிறவர்கள் புறப்படும் முன்பே இரண்டு தவணை போட்டுக்கொள்வது இந்த ஒரு காரணத்துக்காகவே தகும்.

மலேரியா உள்ள ஊரானால் மாத்திரை வகையை மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். அட்டோவகோன்-ப்ரோகுவானில் போவதற்கு 1 அல்லது 2 நாள் முன் தொடங்கி, வெளியேறிய பின் 7 நாள். டாக்சிசைக்ளின் என்றால் வெளியேறிய பின் 4 வாரம். திரும்பி வந்தாயிற்றே என்று பாதியில் நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு.

ரத்தப்போக்கை நிறுத்தும் அகலமான இறுக்குப்பட்டை ஒன்று கட்டாயம். ஆம்புலன்ஸ் வராத ஊரில் கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சினால் சில நிமிடங்களே இருக்கும். காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, ரத்தம் முற்றிலும் நிற்கும்வரை பட்டையில் உள்ள திருகு கட்டையைத் திருகுங்கள். கடுமையாக வலிக்கும், வலிக்கிறது என்று தளர்த்தக்கூடாது. கட்டிய நேரத்தை அதன்மேலோ நெற்றியிலோ எழுதுங்கள். கம்பியோ மெல்லிய கயிறோ சதையை அறுக்குமே தவிர ரத்தத்தை நிறுத்தாது.

சாலை

சாலை விபத்தில் சாகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில்தான் சாகிறார்கள். உங்களை அடித்துப்போடப் போவது கிளர்ச்சிக்காரனைவிட விளக்கில்லாத லாரியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இருட்டிய பிறகு ஊர் விட்டு ஊர் போகாதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே விபத்து, வழிப்பறி, குடித்த காவலாளி மூன்றின் ஆபத்தும் குறையும். சூரியன் மறைவதற்கு 2 மணி நேரம் முன்னால் சேர்ந்துவிடும்படி கிளம்புங்கள். டயர் வெடித்தாலும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.

வண்டியை வாடகைக்கு எடுக்கும் முன் நான்கு டயரையும் உதிரி டயரையும் பாருங்கள், ஜாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள், பின் இருக்கைப் பட்டை வேலை செய்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். பட்டை இல்லாத வண்டியில் ஏறாதீர்கள். எரிபொருள் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஓட்டுநர் வேகமாகப் போனால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அடுத்த ஊரில் இறங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல ஓட்டுநர் எந்தக் கவச வண்டியையும்விட மேல். எந்தச் சாவடியில் யார் நிற்கிறார்கள், எந்த மொழியில் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் காரணம் கேட்காமல் நில்லுங்கள்.

சோதனைச் சாவடி தெரிந்ததும்:

1. தூரத்திலேயே வேகத்தைக் குறைக்கவும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவும், பாட்டை நிறுத்தவும், போனை மடியிலிருந்து எடுத்துவிடவும்.
2. இருட்டாக இருந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி, உள்விளக்கைப் போடவும். நிற்பவனுக்கு உங்கள் முகம் தெரிய வேண்டும். அவன் கண் கூசக்கூடாது.
3. முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு வண்டி திரும்பும் அளவு இடைவெளி விடவும்.
4. கண்ணாடியை இறக்கி, கைகள் எல்லாம் தெரியும்படி வைக்கவும். ஒருவர் மட்டும், பெரும்பாலும் ஓட்டுநர், பேசட்டும். முதலில் வணக்கம், பிறகு மற்றது.
5. முதலில் நகலைக் கொடுக்கவும். மூலத்தைக் கேட்டால், ‘பைக்குள் இருக்கிறது, எடுக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுக்கவும்.
6. இறங்கச் சொல்லாமல் இறங்க வேண்டாம்.

சாவடியின் கண்ணில் பட்ட பிறகு வண்டியைத் திருப்பாதீர்கள். தப்பி ஓடுகிறவன் என்று சுடுவார்கள். பணம் கேட்டால் ரசீது கேளுங்கள், சிரித்தபடி, அவசரம் காட்டாமல். நேரம் இருக்கிறவரிடம் லஞ்சம் பிடுங்குவது கடினம். ஆனால் கேட்பவன் குடித்திருந்தாலோ, சீருடை இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலோ கொள்கை பேசாதீர்கள். சில்லறைத் தாளைக் கொடுத்துவிட்டு நகருங்கள். போனைத் திறந்து பார்ப்பதும் வழக்கம். அரசியல் குழுக்கள், ராணுவப் படங்கள், ஊர்வலக் காணொளிகள் எதுவும் அதில் இருக்கக்கூடாது. பாலம், அணை, விமான நிலையம், காவல் நிலையம் ஆகியவற்றைப் படமெடுக்கவே வேண்டாம்.

போர் நடந்த பகுதியில் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கவும்கூட. மண்டையோட்டுப் படம், சிவப்பு பூசிய கற்கள் என்றால் கண்ணிவெடி. உள்ளூர்க்காரர்கள் குறுக்காக வைத்த குச்சிகள், முடிச்சுப் போட்ட புல், வழியில் குவித்த கற்கள் என்று தங்கள் அடையாளத்தையும் விட்டிருப்பார்கள். பெருமழைக்குப் பின் வெடிகள் மண்ணோடு நகர்ந்து, அகற்றி முடித்த இடத்துக்கும் வரும். உள்ளே வந்துவிட்டோம் என்று சந்தேகம் வந்தால் அசையாமல் நின்று, கூட வந்தவர்களையும் நிறுத்தி, கத்தி உதவி கேளுங்கள்.

தங்குமிடம்

மூன்றாம் மாடியிலிருந்து ஆறாம் மாடி வரை. கீழே என்றால் ஜன்னல் வழியே ஆள் வருவான். மிக மேலே என்றால் தீயணைப்பு ஏணி எட்டாது. தெருவைப் பார்த்த அறையைத் தவிர்த்துவிடுங்கள். அறைக்குள் போகும் முன் அவசரப் படிக்கட்டுக்கு எத்தனை கதவு என்று எண்ணி, இறங்கி, கீழ்க்கதவு திறக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் திருடனுக்குப் பயந்து சங்கிலி போட்டிருப்பார்கள். கதவடியில் செருக ஒரு ரப்பர் ஆப்பு எடுத்துப் போங்கள். ஜெனரேட்டர் ஜன்னலுக்கு அடியில் ஓடினால் அறையை மாற்றச் சொல்லுங்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

சத்தம் கேட்டால்

வெடிச்சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போகாதீர்கள். லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று முதல் வெடிப்புக்கும் பெரிய வெடிப்புக்கும் இடையே அரை நிமிடம்தான். புகையைப் பார்க்க ஜன்னலருகே நின்றவர்கள் கண்ணாடிச் சில்லுகளால் காயப்பட்டார்கள். தரையில் படுத்து, வாயைச் சற்றே திறந்து, தலையை மூடி, ஜன்னலில்லாத உள்ளறைக்கு ஊர்ந்து போங்கள்.

துப்பாக்கிச் சத்தம் தெருவில் கேட்டால் படுத்துவிடுங்கள், பிறகு மறைவிடம் தேடுங்கள். கார்க் கதவு குண்டைத் தடுக்காது. எஞ்சின் இருக்கும் பகுதியும் சக்கரமும் ஓரளவு தடுக்கும். வெற்றிக் கொண்டாட்டத்தில் வானத்தில் சுட்டாலும் காங்கிரீட் கூரைக்குக் கீழே போங்கள். மேலே போன குண்டு கீழே வந்தே தீரும்.

கண்ணீர்ப்புகை என்றால் காற்று வரும் திசையை நோக்கி, மேட்டை நோக்கி நடங்கள். கண்ணைத் தேய்க்காமல் நிறைய நீரால் கழுவுங்கள். ஊர்வலம் எதிரே வந்தால் அதன் திசைக்குக் குறுக்காகப் பக்கத்துத் தெருவுக்குள் நகருங்கள்.

கைதானால் மூன்று சொற்றொடர்கள் போதும், உள்ளூர் மொழியில் மனப்பாடமாக: நான் வெளிநாட்டவன், என் தூதரகத்துக்குச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன். தூதரகத்துக்குச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமையை 1963 வியன்னா துணைத் தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு தருகிறது. நீங்கள் கேட்டால்தான் அவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். எனவே ஒவ்வொரு புதிய அதிகாரியிடமும் மறுபடி கேளுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவரை அந்த நாடு தன் குடிமகனாகவே நடத்தலாம்; அப்போது இந்த வாசல் அடைபட்டுவிடும்.

கிளம்பும் நேரம்

வெளியேறுவதில் நடக்கும் தவறு ஒன்றுதான்: இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்பது. அமைதியான நாளிலேயே அடையாளங்களை எழுதி வையுங்கள். ஒரு தூதரகம் ஊழியர் குடும்பங்களை அனுப்புகிறது. ஒரு விமான நிறுவனம் சேவையை நிறுத்துகிறது. வங்கி பணமெடுப்புக்கு வரம்பு வைக்கிறது. எரிபொருள் வரிசை இரண்டு தெரு நீள்கிறது. உங்கள் ஓட்டுநர் தன் பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டார். இதில் இரண்டு சேர்ந்து நடந்தால் அன்றே சீட்டு வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் நடந்தாலே போதும்.

பயணிகள் விமானம் பறக்கும்வரைதான் வெளியேறுவது எளிது. சூடான் தலைநகர் கார்த்தூமின் விமான நிலையம் 2023 சண்டையின் முதல் நாளே போர்க்களமானது. அங்கிருந்தவர்கள் 800 கி.மீ.-க்கும் அதிகத் தொலைவு சாலையில் போர்ட் சூடானுக்குப் போக வேண்டியிருந்தது. ஹெய்தித் தலைநகரின் விமான நிலையம் 2024-இல் மார்ச் முதல் மே வரை மூடிக் கிடந்தது. ஆகவே விமானம் தவிர இரண்டு தரைவழிகளையும், அந்த எல்லைச் சாவடிகள் திறக்கும் நேரத்தையும் முன்பே தெரிந்து வையுங்கள். அழைப்பு வராமல் விமான நிலையக் கூட்டத்துக்குள் போய் நிற்காதீர்கள். 2021 ஆகஸ்ட் 26 அன்று காபூலில் குண்டு வெடித்தது அப்படிப்பட்ட ஒரு வாசல் கூட்டத்தில்தான்.

வெளியேற முடியாவிட்டால் இருக்கும் இடத்திலேயே அடங்கியிருப்பது சரியான முடிவு. ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் நீர், சமைக்காமல் உண்ணும் உணவு 7 நாளுக்கு. மின்சாரமும் குழாயும் ஓடும்போதே வாளி, தொட்டி, பாட்டில் எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள்.

அவசரப் பை 8 கிலோவுக்குள், படுக்கைக்கு அருகில், காலணிக்குப் பக்கத்தில். காகிதங்கள், தைத்த பணம், 2 லிட்டர் நீர், 7 நாள் மருந்து, இறுக்குப்பட்டை, தலையில் கட்டும் விளக்கு, பவர் பேங்க், வானொலி, ஒரு மாற்றுடை. தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் இன்னும் கனம்.

எல்லையில் வெளியேறும் முத்திரையை வாங்காமல் தாண்டாதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்த நாடு உள்ளே விட மறுக்கலாம். வீடு வந்து சேர்ந்தபின் 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், அது வெறும் சளிக்காய்ச்சலாகத் தோன்றினாலும், அன்றே மருத்துவரிடம் போய் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதைச் சொல்லி, மலேரியாச் சோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.